நான்கு வரிச் செய்தியும் மூன்று டிரங்குப் பெட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வியாழக்கிழமை உங்கள் பத்திரிகையின் தருமபுரி பக்கத்தில், கீழே இடது ஓரத்தில் 'முன்னாள் எம்.எல்.ஏ. காலமானார்' என்று ஒரு செய்தி வந்திருந்தது. மொத்தம் நான்கு வரி. பெயர், வயது 88, எந்தக் கட்சி, எந்தத் தேர்தலில் ஜெயித்தார், அப்புறம் எத்தனை முறை தோற்றார், மனைவி முன்பே இறந்துவிட்டார், ஒரு மகன், ஒரு மகள், சொந்த ஊரில் அடக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயரை நான் இங்கே திரும்ப எழுதவில்லை. தொகுதியையும் எழுதவில்லை. பெயர் வந்தால் கட்சி வரும், கட்சி வந்தால் படிப்பவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு எம்.எல்.ஏ. அண்ணன் என்றே இருக்கட்டும். நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம்.

நான் அரூர் வட்டத்தில் ஒரு கிராமத்தில் கிளை போஸ்ட்மாஸ்டராக இருந்தவன். 1979-இல் சேரும்போது இ.டி. போஸ்ட்மாஸ்டர் என்பார்கள், அதாவது தபால் துறையின் நிரந்தர ஊழியர் கணக்கில் சேராதவர். 2020-இல் ஓய்வு பெற்றேன். ஆபீஸ் என்று தனியாகக் கட்டடம் கிடையாது. எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு தராசு, முத்திரை குத்தும் கட்டை, மை டப்பா. மத்தியானம் மூன்று மணிக்கு ரன்னர் வந்து பையை எடுத்துப் போவார். அந்த மூன்று மணிக்கு முன்னால் எம்.எல்.ஏ. அண்ணனின் சைக்கிள் வந்து வேப்பமரத்தில் சாய்ந்திருக்கும். எண்பதுகளில் சில வருடம் இதை நான் பார்த்தேன். அவர் சட்டமன்றத்தில் என்ன செய்தார் என்பதை நான் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவருடைய தபாலுக்கு முத்திரை குத்தித் தெரிந்துகொண்டேன்.

அவர் மானாவாரி விவசாயி. இரண்டு ஏக்கர் கடலைக்காடு, கொஞ்சம் ராகி, குத்தகைக்கு எடுத்த நாலு புளியமரம். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. 1970 ஊராட்சித் தேர்தலில் தலைவராக வந்தார். அந்தக் காலத்தில் ஊராட்சித் தேர்தல் நினைத்தபோதுதான் வரும். அடுத்தது 1986-இல் வந்தது. நடுவில் அவரைக் கட்சி எம்.எல்.ஏ. தேர்தலில் நிறுத்தியது, ஜெயித்தார். முதல் தடவை சென்னைக்குப் போனபோது மொரப்பூரில் ராத்திரி ரயில் ஏறினார். வழியனுப்ப நாங்கள் பதினைந்து பேர் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் போனோம். இந்தக் கதையை விரிவாகச் சொல்ல ஆசைதான், ஆனால் அது முக்கியம் இல்லை.

முக்கியம் என்று நான் நினைப்பது அவருடைய மனு நோட்டு. நீளவாட்டில் கோடு போட்ட கணக்கு நோட்டு. யார் மனு கொடுத்தாலும் அதில் ஒரு நம்பர் போட்டு, தேதி, பெயர், ஊர், என்ன வேண்டும், யாருக்கு அனுப்பினார் என்று எழுதுவார். என் திண்ணையில் உட்கார்ந்து, தொடையில் ஒரு அட்டை வைத்து, நடுவில் கார்பன் தாளை வைத்து, பால்பாயின்ட் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவார். அந்த அழுத்தத்தில் விரல் நுனி நீலமாகிவிடும். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டுவார். "போஸ்ட்மாஸ்டரே, 'பரிசீலனை'க்கு 'சி' வருமா, 'சீ' வருமா?" என்று கேட்பார். ஒரு எம்.எல்.ஏ. இப்படி என்னிடம் கேட்பது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அவருக்கு அந்தக் கூச்சம் இல்லை.

மேல் பிரதி கலெக்டருக்கோ, துறைக்கோ போகும். அடிப் பிரதி அவரிடம் இருக்கும். மனு கொடுத்தவருக்கு ஒரு போஸ்ட் கார்டு போகும். அப்போது கார்டு 15 பைசா. அதை அவர் சொந்தக் காசில்தான் வாங்கினார், ஒரு தடவைக்கு நாற்பது, ஐம்பது என்று. அதில் ஒரே மாதிரி மூன்று வரி இருக்கும். 'தங்கள் மனு எண் இன்னது. இன்ன தேதியில் இன்ன ஆபீசுக்கு அனுப்பியுள்ளேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.' படிக்கத் தெரியாதவர்கள் அந்தக் கார்டை என்னிடமே திரும்பக் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். ஒரு பாட்டி அதை வெற்றிலைப் பையில் மடித்து வைத்திருந்தார். மாதம் ஒருமுறை வந்து, "அதே எழுத்துதானா, மாறியிருக்கா பாரு சாமி" என்பார். கார்டில் இருக்கும் எழுத்து எப்படி மாறும்? ஆனால் எட்டாவது மாதம் அந்தப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வந்தது. அப்போதெல்லாம் அது மணியார்டரில்தான் வரும். பாரத்தில் கைநாட்டு வாங்கி, பணத்தை எண்ணி அவர் மடியில் வைத்தது நான்தான். நாற்பத்தொரு வருட வேலையில் நான் எண்ணிக் கொடுத்த பணத்தில் அந்த நோட்டுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன, புதுசு, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

சரி, இது ஊரில் செய்த வேலை. சட்டமன்றத்தில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள்.

தமிழ்நாட்டில் 234 தொகுதி. இன்றைய கணக்கில் தருமபுரி மாவட்டத்தில் ஐந்து, 2004-இல் பிரிந்துபோன கிருஷ்ணகிரியில் ஆறு. அவ்வளவு பேர் இருக்கும் அவையில் எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ. எழுந்து பேச எத்தனை நிமிடம் கிடைக்கும்? துறை துறையாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் கட்சி பெயர் கொடுத்தால் உண்டு. அதனால் அவர் கேள்வி நேரத்தைத்தான் நம்பினார். கேள்விக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 'செயலாளர், தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை - 600 009.' அந்த முகவரி எனக்கு மனப்பாடம். எத்தனை ரிஜிஸ்தர் தபாலில் அதைப் பார்த்திருப்பேன்! கேட்டதெல்லாம் அவைக்கு வந்துவிடாது. பலவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், அரசு முத்திரை போட்ட பழுப்பு உறையில். அமைச்சர் அவையில் எழுந்து 'கவனிக்கிறேன்', 'செய்து தருகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி ஆகிவிடும் என்றும், அதற்கென்றே சட்டமன்றத்தில் உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, அது துறையைக் கூப்பிட்டு 'சொன்னீர்களே, செய்தீர்களா' என்று கேட்கும் என்றும் அவர்தான் எனக்குச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அமைச்சர் வாயிலிருந்து வாங்குவதற்காகவே கேள்வியை மூன்று நான்கு விதமாக எழுதிப் பார்ப்பார்.

அப்படி எழுதிய கேள்விகளில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் பிள்ளைகளின் முன்பல்லில் முதலில் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைத் திட்டு வரும், அப்புறம் அது பழுப்பாகும். வயதானவர்களுக்கு முட்டி மடங்காது, முதுகு விறைத்துப்போகும். ஆழ்துளைக் கிணறு போட்டு அடி பம்பு வைத்த ஊர்களில் இது கூடுதலாக இருந்தது. வெற்றிலைக் கறை என்பார்கள், பல் விளக்காத பழக்கம் என்பார்கள். கலியாணப் பேச்சில் பெண் சிரிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தாயார் சொல்லிக் கொடுத்த ஊர்கள் இவை. எம்.எல்.ஏ. அண்ணனுக்கே முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு உண்டு. "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான், பரம்பரைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் நாலு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். நாலிலும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு ஒட்டி ஊர்ப் பெயர், பம்பு இருக்கும் தெரு எல்லாம் எழுதியிருந்தார். சென்னைக்குப் பார்சல் போட வேண்டும், சோதனை செய்யச் சொல்லப் போகிறேன் என்றார். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர், விதிப்படி கட்டாமல் நான் வாங்க முடியாது, உடைந்தால் மற்றவர் தபால் நனையும் என்றேன். எம்.எல்.ஏ.விடம் முடியாது என்று சொல்கிறோமே என்று எனக்குப் பயம். அவர், "ரூல்னா ரூல்தான்" என்று சொல்லிவிட்டு, தோள் துண்டை எடுத்துப் பாட்டில்களை ஒன்றோடு ஒன்று இடிக்காமல் சுற்றி மஞ்சப்பையில் வைத்தார். அன்று ராத்திரி மொரப்பூரிலிருந்து சென்னை வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே போனதாகப் பின்னால் சொன்னார். தூங்கினால் உருண்டுவிடும் என்று தூங்கவில்லையாம்.

சோதனை முடிவு வந்தபோது நாலில் மூன்றில் புளோரைடு அளவுக்கு மேல் இருந்தது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் பக்கத்துப் பாறையிலேயே அது இருக்கிறது, ஆழத்தில் இருந்து எடுக்கும் தண்ணீரில் கரைந்து வருகிறது, காய்ச்சினாலும் போகாது. இதெல்லாம் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்று எங்களுக்கு அந்தப் பெயரே புதிது. அவர் நோட்டில் 'புளோரேடு' என்று எழுதி, நான் திருத்தி, அந்த வார்த்தையோடு கேள்வி கோட்டைக்குப் போனது. பதில் வந்தது. அந்த மூன்று ஊரில் ஒரு ஊருக்கு மட்டும் பழைய திறந்த கிணற்றைத் தூர்வாரிக் குழாய் போட்டார்கள். மற்ற இரண்டு ஊருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் விடவில்லை, திரும்பத் திரும்ப எழுதினார். அதற்குள் பதவிக்காலம் முடிந்துவிட்டது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பின்னால் வந்ததே, அது இந்தப் புளோரைடுக்காகவும்தான். 2008-இல் அடிக்கல் வைத்து, ஜப்பான் கடனில், 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக 2013-இல் திறந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். அது இவருடைய கேள்வியால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறார்கள், எல்லாக் கட்சியிலும். ஆனால் கேட்டவர்களில் இவரும் ஒருவர், ஆரம்பத்திலேயே கேட்டவர். எங்கள் தெருக் குழாயில் அந்தத் தண்ணீர் முதலில் வந்த அன்று அவர் பேத்தியைக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அது பொய். சட்டென்று கோபம் வரும். மேடையில் பேசத் தெரியாது. ஆற்றுக்கு ஒரு பாலம் கொண்டுவருகிறேன் என்றார், அது அவர் காலத்தில் வரவில்லை. தொகுதி மேம்பாட்டு நிதி என்று இப்போது ஒரு எம்.எல்.ஏ.வுக்கு வருடம் 3 கோடி ரூபாய் இருக்கிறது, அன்று அப்படி எதுவும் கிடையாது, அதனால் ஊருக்கு ஒரு நிழற்குடையில்கூட அவர் பெயர் இல்லை. அப்புறம் எங்கள் வீட்டு விஷயம் ஒன்று. என் தம்பிக்குக் கண்டக்டர் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டோம். தினமும் எங்கள் திண்ணையில் உட்காருகிறவர், எங்கள் வீட்டு மோர் குடிக்கிறவர், முடியாது என்றுவிட்டார். வரிசையில் இருக்கிற இன்னொரு பையனின் வேலையைப் பிடுங்கிக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். என் அம்மா அன்றைக்கு மோர்ச் செம்பை உள்ளே எடுத்துப்போய்விட்டார். அந்தக் கோபத்தில் அடுத்த தேர்தலில் எங்கள் வீட்டு ஐந்து ஓட்டும் அவருக்குப் போகவில்லை. அவர் தோற்றார்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு முப்பது வருடம் ஆனது. அவர் வீட்டுத் திண்ணையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் உரிப்பதை நிறுத்தவில்லை. "உங்கம்மா அப்பவே நேர்ல சொல்லிப்புட்டாங்க தம்பி" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை. தோற்ற பிறகும் அவர் நோட்டு நிற்கவில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். அதே கார்பன் தாள், அதே 15 பைசா கார்டு, பின்னால் அது 25 பைசாவானது, 50 பைசாவானது. பெயருக்குக் கீழே 'எம்.எல்.ஏ.' என்று எழுதும் இடத்தில் 'விவசாயி' என்று எழுதினார். ரொம்ப வருடம் அப்படித் தபால் போனது. கண் மங்கிய பிறகுதான் குறைந்தது.

இப்போது உங்கள் பத்திரிகையைப் பற்றி. எங்கள் இரண்டு மாவட்டத்து எம்.எல்.ஏ.க்களைப் பற்றி வெளியூர்க்காரர் யாரிடம் கேட்டாலும் 1996-இல் பர்கூரைத்தான் சொல்வார்கள். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா அம்மையார் அங்கே சுகவனத்திடம் 8,366 ஓட்டில் தோற்றார். அது பெரிய செய்திதான், இல்லை என்று சொல்லவில்லை. தேர்தல் வந்தால் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குக் கழுதைமேல் ஓட்டு இயந்திரம் ஏறும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். அதையும் ஆசையாகப் பார்க்கிறோம். ஆனால் அந்த மலைக்குப் பாதை கேட்டு எந்த எம்.எல்.ஏ. எந்த வருடம் சட்டமன்றத்தில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று ஒரு படத்துக்குக் கீழேயாவது வந்து நான் பார்த்ததில்லை. ஜெயித்த கணக்கும் தோற்ற கணக்கும் வருகிறது. கட்சி மாறினால் வருகிறது. சொத்துக் கணக்கு வருகிறது, அது வர வேண்டியதுதான். ஐந்து வருடத்தில் எத்தனை கேள்வி, எதைப் பற்றி என்பது வருவதில்லை.

பேரவையில் பேசுவது எல்லாம் சொல்லுக்குச் சொல் எழுதி, நடவடிக்கைக் குறிப்பு என்று தொகுதி தொகுதியாக அச்சாகிறது. அரூர் நூலகத்தில் நான் கேட்டுப் பார்த்தேன், அது அங்கே இல்லை. அங்கே இருப்பவரைக் குறை சொல்லவில்லை, அவர் பாவம், இருக்கிற புத்தகத்துக்கே அலமாரி போதவில்லை. எங்கள் இரண்டு மாவட்டத்து உறுப்பினர்கள் பேசியதையாவது பிரித்தெடுத்து, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு அலமாரி வைக்க முடியாதா? நான் கேட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பத்திரிகை எழுதினால் கேட்பார்கள்.

காகிதம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை எங்கள் அரூர்ப் பக்கத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்கள் ஊரில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்து செய்த கொடுமை நடந்தது 1992 ஜூன் 20. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. அந்தப் பத்தொன்பது வருடமும் அந்த மக்கள் சொன்னது எழுத்தில் இருந்தது, அதை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். நான் பார்த்த வேலை தபால் வேலை என்பதால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே மனதில் படுகிறது.

நான் இதை இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. துக்கத்துக்குப் போனபோது எம்.எல்.ஏ. அண்ணன் வீட்டுப் பரணைப் பார்த்தேன். மூன்று டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் மனு நோட்டுகள். நான் கை விட்டு எண்ணியவரை பதினான்கு. இன்னொன்றில் கார்பன் பிரதிகள், நூல் போட்டுக் கட்டியது. மூன்றாவதைத் திறக்க முடியவில்லை, பூட்டு துருப்பிடித்திருக்கிறது; கோட்டையிலிருந்து வந்த பழுப்பு உறைகள் அதில்தான் இருக்க வேண்டும். ஒரு பெட்டியின் அடியில் கரையான் ஏறத் தொடங்கிவிட்டது. மகன் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறார், நல்ல பிள்ளை. தை பிறந்ததும் பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். பெட்டிகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் இருக்கும் மற்றவர்கள் பழைய பேப்பர்க்காரரிடம் விலை கேட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. அந்த நீல எழுத்து என்னவென்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நான் ஒரு வாரம் தவணை வாங்கி வைத்திருக்கிறேன். என் வீட்டில் கொண்டுவந்து வைக்கலாம் என்றால் எங்கள் வீடும் ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகும்.

உங்கள் நிருபர் ஒருவரை அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நோட்டுகளில் இருந்து ஒரு பக்கமாவது படம் எடுத்துப் போட்டு, அந்த நான்கு வரிச் செய்தியைத் திரும்ப எழுத வேண்டும். அதைப் பார்த்து எந்தக் கல்லூரியோ நூலகமோ பெட்டிகளைக் கேட்டு வந்தால் மகன் கொடுத்துவிடுவார், நான் பேசிவிட்டேன். மனு கொடுத்தவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறது, அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அதை மட்டும் மறைத்துப் போடுங்கள்.

அரூரிலிருந்து எந்த டவுன் பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். என் போன் நம்பரும் அதில் உண்டு. காலையில் பத்து மணிக்கு மேல் வந்தால் வீட்டில் ஆள் இருப்பார்கள். பரண் உயரம், ஏணி என் வீட்டில் இருக்கிறது, நான் எடுத்து வருகிறேன். துருப்பிடித்த பூட்டை அறுக்க மகனிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிளை போஸ்ட்மாஸ்டர்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.
(பெயர், முகவரி தனித்தாளில். பத்திரிகையில் போட வேண்டாம்.)